ஐடென்டிட்டி என்றொரு சொல்



பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லும் உங்களிற் பெரும்பாலோரின் கழுத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. அதனை ‘ஐ.டி. கார்டு’ என்கிறீர்கள். அந்த இரண்டு எழுத்துகளுக்குப் பின்னால் நிற்கும் சொல் ‘ஐடென்டிட்டி’. இன்று அந்தச் சொல்லின் பிறப்பையும் பொருளையும் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். சொல்லாராய்ச்சி என்றதும் வானொலியை நிறுத்திவிட வேண்டா. இந்தச் சொல்லின் பொருளைச் சரிவர எண்ணிப் பாராமையால் நான் ஒரு பிள்ளைக்குத் தீங்கு செய்திருக்கிறேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1984-ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிது. பத்தாம் வகுப்பு மாணவர்களின் மாற்றுச் சான்றிதழ்களை எழுதும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார்கள். பெயர், தந்தை பெயர், பிறந்த நாள் எல்லாம் பதிவேட்டிலிருந்து பார்த்து எழுதினேன். ‘அங்க அடையாளங்கள்’ என்னும் இடத்துக்கு மட்டும் மாணவனை நேரில் அழைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பையன் வந்து நின்றான். முந்திய வாரம் மிதிவண்டியிலிருந்து விழுந்திருந்தான் போலும். இடப் புருவத்தின்மேல் ஆறிவரும் ஒரு வெட்டு, வல முழங்காலில் ஒரு சிராய்ப்பு. வரிசையில் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள். நான் மேலும் ஆராயாமல், ‘இடப் புருவத்தின்மேல் ஒரு தழும்பு, வல முழங்காலில் ஒரு தழும்பு’ என்று எழுதிக் கையை அசைத்து அவனை அனுப்பிவிட்டேன்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1997-இல், ஒரு மாலைப்பொழுதில் ஓர் இளைஞர் என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். வேலைக்குத் தேர்வாகியிருந்தார். சான்றிதழ் சரிபார்க்கும் இடத்தில் புருவத்தைப் பார்த்தார்கள், தழும்பு இல்லை. முழங்காலைப் பார்த்தார்கள்; அங்கும் இல்லை. இளம் உடம்பு, காயம் சுவடின்றி ஆறிவிட்டது. “சான்றிதழில் உள்ளவர் நீங்கள்தாம் என்பதற்கு என்ன சான்று?” என்று கேட்டுப் பதினைந்து நாள் தவணை கொடுத்திருந்தார்கள். “நான் அதே ஆள்தான் ஐயா, தழும்புதான் இல்லை” என்று அவர் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. அவர் சொன்ன அந்தச் சிறு வாக்கியத்தில் ‘ஐடென்டிட்டி’ என்னும் சொல்லின் வரலாறு பாதி அடங்கியிருக்கிறது என்பதை அன்று நான் அறியேன். ‘அதே ஆள்’ என்பது ஒன்று. ‘தழும்பு’ என்பது வேறொன்று. இன்றைய ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்தான் வழங்குகிறது.

சொல்லின் வேரைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் ‘இத்’ என்றால் ‘அது’ என்று பொருள். அதனோடு ‘தெம்’ என்னும் ஓர் இடைச்சொல் சேர்ந்தால் ‘ஈதெம்’ ஆகும். ‘அதே’ என்று பொருள்படும். தமிழ் மாணவனுக்கு இதனை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. நம் மொழியில் ‘அது’ என்பதன்மேல் ஏகாரம் ஏறி ‘அதே’ ஆகிறது அல்லவா? அதே வேலையைத்தான் அங்கே ‘தெம்’ செய்கிறது. தொல்காப்பியர் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று ஐந்து பொருள் வகுத்தார். ‘அவரே’ என்னும்போது பிறர் எல்லாரையும் விலக்கி ஒருவரைப் பிரித்து நிறுத்துகிறோம். ஆகவே ‘ஈதெம்’ என்பதன் ‘தெம்’ பிரிநிலை ஏகாரத்துக்கு உறவுடையது என்பேன். பொருளால் உறவு என்கிறேனே அன்றிப் பிறப்பால் அன்று. இலத்தீன் ‘இத்’ என்பதையும் நம் ‘இது’ என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒரே வேரின என்று முழங்கத் தொடங்கிவிடாதீர்கள். வடமொழி ‘இதம்’ என்பதும் இலத்தீன் ‘இத்’ என்பதும் ஒரே குடும்பத்தின என்பது மொழிநூலார் நிறுவிய செய்தி. தமிழின் ‘இது’ வேறு குடும்பத்துச் சொல். ஒலி ஒத்திருப்பது தற்செயல். ஒலி ஒப்புமையை நம்பிச் சொல்லாராய்ச்சி செய்வோர் நம்மிடையே மிகுதி. அவர்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், முறையை மதிக்க இயலவில்லை.

‘அதே’ என்பதிலிருந்து ‘அதுவாகவே இருத்தல்’ என்று ஒரு பண்புப்பெயர் ஆக்க வேண்டிய தேவை பழைய இலத்தீன் எழுத்தாளர்களுக்கு ஏற்படவில்லை. கிரேக்கர்களுக்கு ஏற்பட்டிருந்தது. அவர்கள் ‘தௌதோதேஸ்’ என்றொரு சொல்லை வழங்கினர். அரிஸ்டாட்டில் அதனைக் கையாண்டிருக்கிறார். கி.பி. 4-ஆம் நூற்றாண்டளவில் இறையியலையும் மெய்யியலையும் இலத்தீனில் எழுதப் புகுந்தோர் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நேராக ‘இதெந்தித்தாஸ்’ என்று படைத்துக்கொண்டார்கள். ‘ஈதெம்’ என்பதிலிருந்து வருவதானால் இடையில் ‘ந்தி’ எப்படி வந்தது? இலத்தீனில் ‘இதெந்திதெம்’ என்று ஒரு சொல் உண்டு. ‘மீண்டும் மீண்டும்’ என்று பொருள். ‘அதுவும் அதுவும்’ என்று அடுக்கிச் சொன்னதன் திரிபு அது. அதன் சாயல் புதுச்சொல்லில் படிந்தது என்பர். எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. ஒரு பொருள் ‘அதே’ என்று தெரிய வேண்டுமானால், அதனை நாம் மீண்டும் ஒருமுறை கண்டிருக்க வேண்டும். ஒரே ஒருமுறை கண்ட பொருளை ‘அதே’ என்று எவரும் சொல்வதில்லை.

இலத்தீனிலிருந்து பிரெஞ்சுக்கும், அங்கிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கும் சொல் வந்து சேர்ந்தது. வந்தபோது அதற்கு ஒரே பொருள்தான்: ஒன்றாயிருத்தல், வேறுபாடு இன்மை. கணக்கு வகுப்பில் அந்தப் பழம்பொருள் இன்றும் சிதையாமல் இருக்கிறது. (அ + ஆ)² = அ² + 2அஆ + ஆ² என்று படிக்கிறீர்களே, அதற்குத் தமிழில் ‘முற்றொருமை’ என்று பெயர். அ, ஆ ஆகியவற்றுக்கு எந்த மதிப்பைத் தந்தாலும் இருபுறமும் ஒன்றாகவே இருக்கும். சில மதிப்புகளுக்கு மட்டும் ஒன்றாவது சமன்பாடு. ‘முற்றொருமை’ என்று ஆக்கியவர் யாராயினும் அவருக்கு ஒரு கும்பிடு. ‘முற்று’ என்ற ஓர் அடைமொழியால் விளக்கம் முழுவதையும் சொல்லிவிட்டார்.

ஆனால் ‘ஒன்றாயிருத்தல்’ என்பது தோன்றும் அளவுக்கு எளிதன்று. உங்கள் தோழனும் நீங்களும் ‘ஒரே சட்டை’ அணிந்து வந்திருக்கிறீர்கள் என்றால், சட்டைகள் இரண்டு, அவை ஒத்தவை. நேற்று அணிந்த ‘அதே சட்டை’யை இன்றும் அணிந்திருக்கிறீர்கள் என்றால் சட்டை ஒன்று. ஒத்தது வேறு, அதுவே ஆவது வேறு. மதுரையில் கோவலன் உயிரிழந்தது இந்த வேறுபாட்டை ஒரு மன்னன் ஆராயாமையால் அன்றோ? இரண்டு சிலம்புகள் பார்வைக்கு ஒத்திருந்தன. ஒன்றனுள் மாணிக்கம், மற்றொன்றனுள் முத்து. உடைத்துப் பார்த்தபோது காலம் கடந்துவிட்டது.

செருமானிய அறிஞர் லைப்னிட்ஸ், முற்றிலும் ஒத்த இரு பொருள்கள் இயற்கையில் இரா என்று வாதிட்டார். ஹனோவரை அடுத்த ஹெர்ரன்ஹௌசன் தோட்டத்தில், இளவரசி சோபியாவின் முன்னிலையில், ஒருவர் இதனை மறுத்தாராம். “எங்கே, ஒத்த இரண்டு இலைகளைக் கண்டுபிடியும்” என்று இளவரசி சொல்ல, அவர் நெடுநேரம் ஓடியாடித் தேடித் தோற்றார். இதனை எழுதி வைத்தவர் லைப்னிட்ஸே. ஒரு கருவில் பிறந்து உருவத்தால் ஒத்த இரட்டையரை ஆங்கிலத்தில் நம் சொல்லின் உடன்பிறப்பான ‘ஐடென்டிகல்’ என்னும் சொல்லால் குறிக்கிறார்கள். அவர்களுக்கும் கைரேகை வேறு வேறுதான்.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. இரண்டு என்று எண்ணியது ஒன்றாக முடிவதும் உண்டு. விடியலில் கிழக்கே தோன்றும் விடிவெள்ளிக்கும், அந்தியில் மேற்கே தோன்றும் வெள்ளிக்கும் பண்டைக் கிரேக்கர் இரு பெயர் வைத்திருந்தனர். இரண்டும் வெள்ளி என்னும் ஒரே கோள். 1892-இல் பிரேகே என்னும் கணித அறிஞர் ஒரு வினா எழுப்பினார். ‘விடிவெள்ளி விடிவெள்ளியே’ என்பதில் செய்தி ஏதும் இல்லை. ‘விடிவெள்ளி அந்திவெள்ளியே’ என்பதோ வானநூலின் ஒரு கண்டுபிடிப்பு. சுட்டப்படும் பொருள் ஒன்றாயிருக்க, ஒரு வாக்கியம் வெறுமையாயும் மற்றொன்று அறிவாயும் இருப்பது எவ்வாறு? பெயர் சுட்டும் பொருள் வேறு, அதனைச் சுட்டும் முறை வேறு என்று அவர் விடை தந்தார். இக்கால மொழி மெய்யியலுக்கு அக்கட்டுரை ஓர் அடிக்கல்.

மனிதனிடம் வருவோம். பொருள்களைப் பற்றிய சொல்லாக இருந்த ‘ஐடென்டிட்டி’யை மனிதன்மேல் ஏற்றி, அதனை விட்டு அகலாத வினாவாக்கியவர் ஆங்கில அறிஞர் ஜான் லாக். மனித அறிவு பற்றிய அவருடைய பெருநூலின் இரண்டாம் பதிப்பு 1694-இல் வந்தது. டப்ளின் நகரத்து நண்பர் மாலினோவின் தூண்டுதலால் அதில் ஒரு புதிய இயலைச் சேர்த்தார். கன்றாக இருந்த கருவாலி மரம் நெடிதோங்கி வளர்கிறது; அதில் பழைய அணு ஒன்றும் எஞ்சியிராது; எனினும் அதே மரம் என்கிறோம். ஏனெனில் ஒரே உயிரோட்டம் அதில் தொடர்கிறது. உடம்பளவில் மனிதனும் அப்படியே. ஆனால் ‘ஆள்’ என்பது உடம்பன்று என்கிறார் லாக். ஓர் இளவரசனின் நினைவுகள் அனைத்தும் ஒரு செருப்புத் தைப்பவனின் உடம்பில் புகுந்துவிட்டதாகக் கற்பனை செய்கிறார். அக்கம்பக்கத்தார் அவனைப் பழைய தொழிலாளி என்றே சொல்வர். ஆனால் இளவரசன் செய்த செயல்களுக்குப் பொறுப்பாளி யார்? அந்த நினைவை உடையவனே என்பது லாக்கின் விடை. நேற்றைய செயலை ‘நான் செய்தேன்’ என்று உணரும் உணர்வு எவ்வளவு தூரம் பின்னோக்கிச் செல்கிறதோ அவ்வளவு தூரம் அவன் அதே ஆள்.

இது வெறும் விளையாட்டுக் கற்பனை அன்று. ஒருவனைத் தண்டிப்பதும் அவனுக்குப் பரிசளிப்பதும், கடனைத் திருப்பிக் கேட்பதும், கொடுத்த வாக்கைக் காக்கச் சொல்வதும் ‘அன்று அதைச் செய்தவர் இவரே’ என்னும் துணிவின்மேல்தான் நிற்கின்றன. அத்துணிவு ஆட்டம் கண்டால் அறமன்றத்தின் கதவைச் சாத்திவிட வேண்டியதுதான். ‘ஆள்’ என்பது அறமன்றச் சொல் என்று லாக் கருதியதன் பொருள் இதுவே.

ஆயினும் லாக்கை மறுத்தோர் பலர். அவர்களுள் எனக்கு விருப்பமானவர் ஸ்காட்லாந்தின் தாமஸ் ரீட். 1785-இல் அவர் ஒரு கதை சொன்னார். பள்ளிப் பருவத்தில் பழத்தோட்டத்தில் திருடி அடிபட்ட ஒரு சிறுவன், வளர்ந்து இளம் படைவீரனாகிப் பகைவரின் கொடியைக் கைப்பற்றுகிறான்; முதுமையில் படைத்தலைவன் ஆகிறான். கொடியைக் கைப்பற்றிய நாளில் அவனுக்குப் பட்ட அடி நினைவிருந்தது. படைத்தலைவனான நாளில் கொடி நினைவிருக்கிறது. அடி முற்றும் மறந்துவிட்டது. லாக்கின் கணக்குப்படி சிறுவனும் வீரனும் ஒருவர். வீரனும் தலைவனும் ஒருவர். சிறுவனும் தலைவனும் ஒருவர் அல்லர்! ஒன்றுக்குச் சமமானவை தமக்குள் சமம் என்று படித்த பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் வகுப்பில் இக்கதையைச் சொல்லிச் சிரிக்கச் செய்திருக்கிறேன். சிரித்து முடித்தபின், மறந்துபோன இளமைக் குற்றங்களுக்கு நாம் பொறுப்பாளிகளா என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

மெய்யியலார் இவ்வாறு வாதிட்டுக்கொண்டிருக்க, அரசாங்கங்களுக்கு விரைவான விடை தேவைப்பட்டது. அது நம் நாட்டில்தான் கிடைத்தது. 1858-இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலைப் பொருள் வழங்க ஒப்பந்தம் செய்த இராஜ்யதர் கோனாய் என்பவரின் கை முழுவதையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தின்மேல் பதிப்பித்தார். கையெழுத்தை மறுப்பவன் கைச்சுவட்டை மறுக்க முடியாது என்பது அவர் எண்ணம். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கை உருவாக்குவதில் அசிசுல் ஹக், ஹேம்சந்திர போஸ் ஆகிய இரு இந்தியர் பெரும்பங்கு ஆற்றினர். முறைக்குப் பெயர் மட்டும் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயராயிற்று. 2010-இல் வழங்கத் தொடங்கிய ஆதார் எண்ணுக்காகப் பத்து விரல்களையும் இரு கருவிழிகளையும் பதிந்துகொள்வது அந்த வங்காளத்துக் கைச்சுவட்டின் வழித்தோன்றல். கல்லுடைத்தும் களையெடுத்தும் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாமல், முதியவர்கள் நியாயவிலைக் கடை வாயிலில் மீண்டும் மீண்டும் கைவைத்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புருவத் தழும்பு நினைவுக்கு வரும்.

இவ்வளவு நடந்தும், இன்று நீங்கள் செய்தித்தாளிலும் மேடையிலும் கேட்கும் பொருள் இச்சொல்லுக்கு இன்னும் வந்துசேரவில்லை. 1930-களில் அமெரிக்காவில் வெளியான சமூக அறிவியல் கலைக்களஞ்சியத்தில் ‘ஐடென்டிட்டி’ என்ற தலைப்பே கிடையாது. ‘ஐடென்டிபிகேஷன்’ என்ற தலைப்பு உண்டு. அங்கே பேசப்படுவது குற்றவாளிகளின் கைரேகை! 1968-இல் வந்த அடுத்த களஞ்சியத்தில் உள்ளமும் சமூகமும் தழுவிய ஐடென்டிட்டி பற்றித் தனிக்கட்டுரை இருக்கிறது. அதனை எழுதியவர் எரிக் எரிக்சன். இடைப்பட்ட காலத்தில் சொல்லைப் புதுவழியில் திருப்பியவரும் அவரே.

அவருடைய வாழ்க்கையை அறிந்தால் அவர் ஏன் இச்சொல்லைப் பற்றிக்கொண்டார் என்பது புலனாகும். 1902-இல் செருமனியில் டேனிஷ் நாட்டுத் தாய்க்குப் பிறந்தார். பெற்ற தந்தை யார் என்பதை அவர் இறுதிவரை அறியவில்லை. ஹோம்பர்கர் என்னும் யூத மருத்துவர் அவரை மகனாக வளர்த்தார். பொன்னிற முடியும் நீலக் கண்களும் கொண்ட பிள்ளையை யூதக் கோயிலில் ‘வேற்றினத்தான்’ என்றார்கள். பள்ளியில் ‘யூதன்’ என்றார்கள். வியன்னாவில் ஒரு சிறு பள்ளியில் ஆசிரியராயிருந்து, மாண்டிசோரி பயிற்சியும் பெற்று, ஆனா பிராய்டிடம் உளப்பகுப்பாய்வு கற்றார். (நம் இனத்தவர், ஆசிரியர் என்பதில் எனக்குச் சிறிது பெருமை.) 1933-இல் அமெரிக்கா சென்று, 1939-இல் அந்நாட்டுக் குடிமகனானபோது ‘எரிக்சன்’ என்று தமக்குத் தாமே பெயர் வைத்துக்கொண்டார். எரிக்கின் மகன் எரிக்! தந்தை பெயர் தெரியாத ஒருவர் தமக்குத் தாமே தந்தையானார்.

இரண்டாம் உலகப் போரில் மனம் நொந்து திரும்பிய படைவீரர்களுக்கு அவர் மருத்துவம் செய்தார். அவர்கள் தம் பெயரை மறக்கவில்லை, ஊரை மறக்கவில்லை. ஆனால் நேற்றைய தானும் இன்றைய தானும் ஒரே ஆள் என்னும் உள்ளுணர்வு அறுந்துபோயிருந்தது. அதனை அவர் ‘ஐடென்டிட்டி நெருக்கடி’ என்றார். பின்னர் அதன் மெல்லிய வடிவத்தை நலமுடைய இளைஞரிடமும் கண்டார். பதினைந்துக்கும் இருபதுக்கும் இடையில், நான் யார், எதற்கு உரியவன், பிறர் என்னைக் காண்பது போலத்தான் நான் இருக்கிறேனா என்று ஒவ்வொருவரும் தடுமாறுவது நோயன்று, வளர்ச்சி என்றார். 1950-இல் வந்த அவருடைய நூலால் இக்கருத்துப் பரவியது. 1969-இல் காந்தியடிகளைப் பற்றி அவர் எழுதிய நூலும் இதே கண்ணோட்டத்தில் எழுந்தது. 1918-ஆம் ஆண்டு ஆமதாபாத் நெசவாலைப் போராட்டத்தை நடுவாக வைத்து அதனை எழுதினார்.

அதன்பின் சொல் தனிமனிதனிடமிருந்து கூட்டத்துக்குத் தாவியது. இனம், மொழி, சமயம், நாடு எல்லாவற்றுக்கும் ஐடென்டிட்டி உண்டு என்றார்கள். இன்று அச்சொல் சுமக்காத பாரம் இல்லை. ஒரு கட்டுரையில் அச்சொல் வரும்போதெல்லாம், இங்கே ‘அதே’ என்பது எதனோடு எது என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காத இடங்கள் பல இருக்கும்.

நம் மொழியில் இதற்கு ‘அடையாளம்’ என்கிறோம். இச்சொல் நடந்த வழி நேர்மாறானது. அனுமன் இராமனிடமிருந்து கொண்டுசென்ற கணையாழியும், சீதை தந்த சூடாமணியும் அடையாளங்கள். கண்டு தெளிவதற்கான புறச்சின்னங்கள். அங்கிருந்து தொடங்கி, இன்று ‘பண்பாட்டு அடையாளம்’ என்று உள்ளத்துக்குள் நுழைந்திருக்கிறது. ஆங்கிலச் சொல்லோ உள்ளே இருக்கும் ஒருமையில் தொடங்கிக் கழுத்து அட்டை வரை வெளியே வந்திருக்கிறது. இரண்டும் எதிரெதிராக நடந்து நடுவழியில் சந்தித்திருக்கின்றன. ஆகவேதான் ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்க்கையில் சில இடங்களில் பொருந்துகிறது. சில இடங்களில் உறுத்துகிறது.

அந்த இளைஞரை வாயிலிலேயே நிறுத்திவிட்டேன். உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். உண்மையைச் சொன்னால், அவர் முகம் எனக்கு நினைவில்லை. பதின்மூன்று ஆண்டுகளில் எத்தனையோ முகங்கள்! அவர்தாம் பேசினார். நான் கரும்பலகையில் எழுதும்போது சுண்ணக்கட்டியை இரண்டாக உடைத்துக்கொள்வதை, வலப்புறம் மூன்றாம் பலகையில் யார் யார் அமர்ந்தார்கள் என்பதை, சான்றிதழ் எழுதிய நாளில் என் பேனா கசிந்து என் சட்டைப்பை நீலமானதைச் சொன்னார். அந்தச் சட்டையை நான் மறக்கவில்லை; வீட்டில் வாங்கிய பேச்சு அப்படி. ரீட் அவர்களின் படைத்தலைவனைப் போல் மறந்து நின்றவன் நான்; நினைவின் கயிற்றை இரு முனையிலும் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்.

மறுநாள் கடிதம் எழுதினேன். ஆறிவரும் காயத்தைத் தழும்பு என்று எழுதியது வகுப்பாசிரியனாகிய என் பிழை என்றும், சான்றிதழில் குறித்த மாணவர் இவரே என்றும் எழுதிக் கையொப்பமிட்டேன். அப்போதைய தலைமையாசிரியர் அதன்மேல் ஒப்புக் கையெழுத்து இட்டார். ‘இவரே’ என்பதன் ஏகாரத்தை எழுதும்போது என் கை ஒரு கணம் தயங்கியதை மறைக்க மாட்டேன். தவணை முடிய இரண்டு நாள் இருக்கையில் கடிதம் ஏற்கப்பட்டது.

அதற்குப் பின்னர் நான் ஓய்வுபெறும் வரை, அங்க அடையாளம் எழுதும் நாளில் மேசைமேல் ஒரு கிண்ணத்தில் நீரும் ஒரு துணியும் வைத்துக்கொள்வேன். தழும்பை எழுதுவதே இல்லை. மச்சத்தை மட்டும் எழுதுவேன். அதுவும் ஈரத்துணியால் ஒருமுறை தேய்த்துப் பார்த்து, மை அன்று என்று தெரிந்த பிறகு.